பதினான்காவது கோடு

ஆகஸ்டு மாதம் பிறந்துவிட்டால் மலேசியத் தமிழ்ப்பள்ளிகளின் வகுப்பறைகளில் கொடி வரையும் வேலையும் தொடங்கிவிடும். வரைதாளும் அளவுகோலும் வண்ணக்கோல்களும் மேசையை நிறைக்க, மாணவர்கள் அவற்றின்மேல் கவிழ்ந்து கிடப்பர். ஜொகூர் மாநிலத்துப் பள்ளி ஒன்றில் அத்தகைய ஒரு பாடவேளையில் நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து நின்றான்.

"டீச்சர், மாநிலம் பதின்மூன்று என்று போன வாரம் படித்தோமே, கோடு மட்டும் ஏன் பதினான்கு?"

ஆசிரியை இளையவர், பயிற்சி முடித்து வந்து இரண்டாண்டுகூட ஆகவில்லை. எனினும் விடை அறிந்தவர். பதின்மூன்று கோடுகள் பதின்மூன்று மாநிலங்களையும், எஞ்சிய ஒன்று கூட்டரசையும் குறிக்கும் என்றார். நூலில் உள்ள விடையும் அதுவே. மாணவன் உட்காரவில்லை.

"எங்கள் பாட்டி அது சிங்கப்பூர் என்று சொல்கிறார்."

வகுப்பு சிரித்தது. ஆசிரியை சிரிக்கவில்லை. பாட்டியிடம் இன்னும் நன்றாகக் கேட்டுக்கொண்டு வருமாறு சொல்லி அவனை உட்கார வைத்தார். அவ்வளவில் மணியும் அடித்துவிட்டது.

ஆசிரியை சொன்னதும் உண்மை. பாட்டி சொன்னதும் உண்மை. 1950ஆம் ஆண்டில் மலாயாக் கூட்டரசுக்கென ஏற்கப்பட்ட கொடியில் பதினொரு கோடுகளே இருந்தன. விண்மீனுக்கும் பதினொரு முனைகளே. 1963இல் சிங்கப்பூர், சபா, சரவாக் ஆகிய மூன்றும் வந்து சேர்ந்தபோது கோடும் முனையும் பதினான்காயின. 1965இல் சிங்கப்பூர் பிரிந்து சென்றது. கோட்டை எவரும் அழிக்கவில்லை. அதற்கு வேறு பொருள் தந்து அப்படியே வைத்துக்கொண்டனர். ஒரு நாட்டின் மாநிலங்கள் எவ்வாறு உருவாயின என்ற கேள்விக்குப் பாடநூல் ஒரு பட்டியலைத் தருகிறது. அந்தப் பட்டியலில் பெர்லிஸும் சரவாக்கும் ஒரே அளவு எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. ஆனால் பதின்மூன்றும் ஒரே வாயில் வழியாக வந்தவை அல்ல. வந்த வாயிலை மறந்தவர்கள் உண்டு, மறவாதவர்களும் உண்டு.

மலாய் மாநிலங்களின் பெயர்களை உற்று நோக்கினால் அவற்றின் பிறப்பிடம் புலப்படும். பேராக், பகாங், கிளந்தான், திரங்கானு, சிலாங்கூர், ஜொகூர், கெடா ஆகிய யாவும் ஆறுகளின் பெயர்களுமாகும். காடு அடர்ந்த தீபகற்பத்தில் ஆறுதான் சாலை. ஆற்றின் முகத்துவாரத்தை எவர் பிடித்திருந்தாரோ அவர் படகுகளுக்கு வரி விதித்தார், அவரே அரசரானார். குவாலா கெடா, குவாலா சிலாங்கூர், குவாலா திரங்கானு என்ற ஊர்ப்பெயர்களில் வரும் 'குவாலா' என்பதன் பொருள் ஆற்று முகமே. உள்நாட்டு மலைகளில் எந்த அரசு எங்கே முடிகிறது என்பதைப் பற்றி அந்நாளில் எவரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. எல்லை என்பது கோடாக மாறியது அயலார் வந்த பிறகே.

அயலாரின் கோடு முதலில் விழுந்த இடம் பினாங்கு. 1786இல் பிரான்சிஸ் லைட் அத்தீவில் இறங்கியபோது, சயாமின் படையெடுப்பிலிருந்து தம்மைக் கிழக்கிந்தியக் கம்பெனி காக்கும் என்று கெடா சுல்தான் நம்பியிருந்தார். கம்பெனி தீவை எடுத்துக்கொண்டது; படை உதவியை மட்டும் தரவில்லை. ஆண்டுக்கு 6000 வெள்ளி என்று 1791இல் ஓர் ஏற்பாடாயிற்று. 1800இல் எதிர்க்கரையிலுள்ள செபராங் பிறையையும் பெற்றுக்கொண்ட பின் அத்தொகை 10,000 வெள்ளியாக உயர்ந்தது. 1821இல் சயாம் படையெடுத்துக் கெடாவைப் பிடித்தபோது கம்பெனி வாளாவிருந்தது. இன்று பினாங்கு பாலத்தின்மேல் விரையும் ஊர்திகளில் இருப்போர் எத்தனை பேருக்கு இது நினைவிருக்கும்? கெடாவில் நினைவிருக்கிறது. அவ்வப்போது அரசியல் மேடைகளில் அப்பழைய கணக்கு மீண்டும் எழுவதைச் செய்தித்தாள் படிப்போர் அறிவர்.

1824இல் பிரிட்டனும் ஹாலந்தும் செய்துகொண்ட உடன்படிக்கை மலாக்காவைப் பிரிட்டனுக்கு உரியதாக்கியது. மலாய்த் தீபகற்பம் ஒரு பக்கம், சுமத்திரா மறுபக்கம் எனக் காலங்காலமாக ஒன்றிக் கிடந்த மலாய் உலகம் இலண்டனில் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 1826இல் பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் சேர்ந்து நீரிணைக் குடியேற்றங்களாயின. அவை 1867 வரையில் இந்திய ஆட்சியின் கீழ் இருந்தன என்பதைத் தமிழ் மாணவர்க்குச் சொன்னால் வியப்படைகின்றனர்.

போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் பள்ளிச் சுற்றுலா செல்லும் பிள்ளைகள் தஞ்சோங் துவான் என்னும் முனையிலுள்ள கலங்கரை விளக்கத்தைக் காண்பதுண்டு. சுற்றிலும் நெகிரி செம்பிலான். அம்முனை மட்டும் மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது! கப்பல்களுக்கு வழிகாட்டும் அம்முனையை மலாக்காவை ஆண்டவர்கள் கைவிடவில்லை. அதனால் சிறு துண்டு நிலம் ஒன்று தாய் மாநிலத்தைப் பிரிந்து தனியே நிற்கிறது. வரலாற்றுப் பாடத்திற்கு இதைவிட நல்ல கரும்பலகை வேண்டுவதில்லை.

நெகிரி செம்பிலான் என்பதற்கே ஒன்பது நாடுகள் என்று பொருள். அந்த ஒன்பது எவை என்று கேட்டால் ஒவ்வொரு நூலும் ஒவ்வொரு பட்டியல் தரும். மினாங்கபாவ் மக்கள் குடியேறி வளர்த்த சுங்கை ஊஜோங், ரெம்பாவ், ஜெலபு, ஜொகோல் முதலிய சிறு நாடுகள் 1895இல் ஸ்ரீ மெனாந்தியோடு இணைந்து இன்றைய உருவைப் பெற்றன. அங்கே ஆட்சித் தலைவர் தந்தை வழியில் தாமே அரியணை ஏறுவதில்லை. 'உண்டாங்' எனப்படும் தலைவர்கள் அரச குடும்பத்திலிருந்து ஒருவரைத் தேர்ந்தெடுப்பர். பிற்காலத்தில் நாட்டின் பேரரசரை ஒன்பது மன்னர்கள் தேர்ந்தெடுக்கும் முறைக்கு இதுவே முன்மாதிரி என்று கூறுவோர் உண்டு. எவ்வாறாயினும், கூட்டரசுக்குள்ளே ஒரு குட்டிக் கூட்டரசு என்று அதனைச் சொல்வதில் பிழையில்லை.

1874ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் பேராக்கிலும் சிலாங்கூரிலும், 1888இல் பகாங்கிலும் பிரிட்டிஷ் ரெசிடெண்டுகள் வந்து அமர்ந்தனர். அவர்களது 'ஆலோசனை' சமயம், மலாய் வழக்காறு ஆகியவை நீங்கலாக எல்லாவற்றிலும் கேட்கப்பட வேண்டிய ஆலோசனை. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கையும் இணைத்து 1896 ஜூலை முதல் நாள் கூட்டு மலாய் மாநிலங்கள் என்ற அமைப்பு நடைமுறைக்கு வந்தது. தலைநகர் கோலாலம்பூர், ரெசிடெண்டு ஜெனரல் பிராங்க் சுவெட்டன்ஹாம். பெயர்தான் கூட்டு, அதிகாரம் ஒருவர் கையில். 1903இல் கோலாலம்பூரில் கூடிய மன்னர் பேரவையில் பேராக் சுல்தான் இட்ரிஸ் தம் மனக்குறையை வெளிப்படையாகவே கூறினார். மாநிலத்திற்கும் மத்திக்கும் இடையே நிகழும் வழக்கின் முதல் வரி அன்று எழுதப்பட்டது எனலாம்.

வடக்கே நான்கு மாநிலங்கள் வேறு கதையுடையவை. 1909இல் பிரிட்டனும் சயாமும் செய்த உடன்படிக்கையால் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரங்கானு ஆகியன சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டனின் மேலாண்மைக்கு மாறின. பட்டாணி அப்பக்கமே நின்றுவிட்டது. கோலோக் ஆறு எல்லையாயிற்று; அதன் இரு கரையிலும் இன்றுவரை உறவினர் இருக்கின்றனர். இந்த மாற்றத்தோடு சயாமின் இரயில் பாதைக்கென 40 இலட்சம் பவுன் கடனும் தரப்பட்டது. கூட்டு மலாய் மாநிலங்களின் கருவூலமே அதைக் கொடுத்தது. ஈயத்தாலும் இரப்பராலும் நிறைந்த கருவூலம் அது. சீனரும் தமிழரும் சிந்திய வியர்வை அதில் எவ்வளவு என்று எந்தக் கணக்குப் புத்தகமும் எழுதி வைக்கவில்லை. 1943இல் ஜப்பானியர் அதே நான்கு மாநிலங்களையும் தாய்லாந்துக்குக் கொடுத்தனர். 1945இல் அவை திரும்பி வந்தன. தோட்டத்தில் பால்மரம் வெட்டியவனுக்கு இரண்டாண்டுகளுக்குள் மூன்று அரசுகள். அவன் ஓர் அடிகூட நகரவில்லை. ஜொகூர் 1914இல்தான் பிரிட்டிஷ் ஆலோசகரை முழுமையாக ஏற்றது. அதுவரை தனக்கெனச் சட்டம் இயற்றித் தலைநிமிர்ந்து நின்றது.

போர் முடிந்ததும் பிரிட்டன் எல்லாவற்றையும் ஒரே அடியாக இணைத்துவிட எண்ணியது. சுல்தான்களிடம் விரைந்து கையொப்பம் வாங்கி, ஒன்பது மலாய் மாநிலங்களையும் பினாங்கையும் மலாக்காவையும் சேர்த்து, 1946 ஏப்ரல் முதல் நாள் மலாயன் யூனியனைத் தோற்றுவித்தது. சிங்கப்பூரைத் தனிக் குடியேற்றமாக ஒதுக்கி வைத்தது. மாநிலங்கள் வெறும் பெயர்களாகிவிடுமோ என்று மலாய் மக்கள் அஞ்சினர். டத்தோ ஓன் தலைமையில் திரண்டனர். யூனியன் ஈராண்டுகூட நிலைக்கவில்லை. 1948 பிப்ரவரி முதல் நாள் மலாயாக் கூட்டரசு பிறந்தது. மன்னர்களின் தகுதியும் மாநிலங்களின் உரிமையும் மீண்டன.

தமிழர்களுக்கு இங்கேதான் எல்லைக்கோட்டின் பொருள் உறைத்தது. 1948ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்து நாட்டில் நிலையாக வாழ்ந்த பிரிட்டிஷ் பிரஜைக்குக் கூட்டரசுக் குடியுரிமை தானாகவே கிட்டியது. மலாய் மாநிலங்களில் பிறந்த தமிழர்க்கோ அங்குப் பிறந்தது மட்டும் போதவில்லை. தந்தை எங்கே பிறந்தார், எத்தனை ஆண்டுகள் தொடர்ந்து இந்நாட்டில் இருந்தார் என்ற கேள்விகள் எழுந்தன. லிங்கி ஆற்றின் இக்கரையில் ஒரு தோட்டம், அக்கரையில் ஒரு தோட்டம். ஒரே கங்காணி காலத்தில் ஒரே கப்பலில் வந்த குடும்பங்கள். ஒரு குழந்தைக்குப் பிறப்பே சான்று, மற்றொன்றுக்குச் சான்றின்மேல் சான்று. எழுதப்படிக்கத் தெரியாத தந்தை எந்த ஆவணத்தைத் தேடிக் கொணர்வார்? 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் விடுதலை வந்தபோது, அன்றிலிருந்து கூட்டரசில் பிறப்போர் குடிமக்கள் என்ற விதியும் வந்தது. அதற்கு முன் பிறந்து, மனுச் செய்யத் தவறி, சிவப்பு அடையாளக் கார்டுடனேயே கண்மூடிய முதியோர் எத்தனையோ பேர்.

ரீட் ஆணையம் வகுத்த அரசமைப்பில் கல்வி கூட்டரசின் பட்டியலில் இருக்கிறது. நிலம் மாநிலத்தின் பட்டியலில் இருக்கிறது. கேட்பதற்கு எளிய பாகுபாடு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் தலைமையாசிரியர் ஒருவரைக் கேட்டால் தெரியும் அதன் கனம். தோட்டம் விற்கப்படுகிறது, மரங்கள் சாய்கின்றன, வீடமைப்புத் திட்டம் வருகிறது. பள்ளி இடம் மாறியாக வேண்டும். கட்டடத்திற்குப் பணம் தரவேண்டியவர்கள் ஓர் அலுவலகத்தில். நிலம் தரவேண்டியவர்கள் இன்னோர் அலுவலகத்தில். நிலம் கிடைத்தால் பணம் தரலாம் என்பார் ஒருவர். பணம் உறுதியானால் நிலம் பார்க்கலாம் என்பார் மற்றவர். கோப்பு இரண்டுக்கும் நடுவே ஆண்டுக்கணக்கில் நடக்கும். பிள்ளைகளோ ஆறாண்டுகளில் பள்ளியை விட்டே போய்விடுவர். கூட்டரசு முறை என்றால் என்ன என்று தேர்வில் கேட்கப்படும் வினாவுக்கு இதை எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா என்பது ஐயமே.

கடலுக்கு அப்பாலுள்ள இரு மாநிலங்களின் பிறப்பு இன்னும் வேறானது. 1841இல் ஜேம்ஸ் புரூக் என்னும் ஆங்கிலேயர் புருணை ஆட்சியினரிடமிருந்து பெற்ற சரவாக், இன்றைய கூச்சிங்கைச் சூழ்ந்த சிறு நிலப்பகுதியே. பின்னர் புரூக் குடும்பத்தார் 'வெள்ளை ராஜாக்களாக' இருந்து ஆறு ஆறாகப் புருணையின் நிலத்தை வாங்கினர். 1853, 1861, 1882, 1885 என எல்லை வடகிழக்கே நகர்ந்துகொண்டே போயிற்று. 1890இல் லிம்பாங்கை எடுத்துக்கொண்டபோது எஞ்சியிருந்த புருணையே இரு துண்டாயிற்று; இன்றைய தேசப்படத்திலும் அவ்விரு துண்டுகளைக் காணலாம். 1905இல் லாவாஸ். குட்டி போட்ட தாயைவிடக் குட்டி பன்மடங்கு பெரிதானது! சபாவோ 1881 முதல் ஒரு வணிகக் கம்பெனியின் ஆளுகையில் இருந்த நிலம். 1946இல் இரண்டும் பிரிட்டிஷ் முடியாட்சியின் குடியேற்றங்களாயின.

1961 மே 27ஆம் நாள் சிங்கப்பூரில் துங்கு அப்துல் ரஹ்மான் மலேசியா என்னும் எண்ணத்தை வெளியிட்டார். மறுவருடம் கோபால்ட் ஆணையம் சபாவிலும் சரவாக்கிலும் ஊர் ஊராகச் சென்று மக்கள் கருத்தைக் கேட்டது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் விரைவில் சேரலாம் என்றனர். ஒரு பங்கினர் தக்க பாதுகாப்புகளோடு சேரலாம் என்றனர். எஞ்சியோர், முதலில் விடுதலை வேண்டும் என்போரும் பிரிட்டிஷ் ஆட்சியே நீடிக்கட்டும் என்போருமாகப் பிரிந்து நின்றனர். சபா 20 அம்சங்களையும் சரவாக் 18 அம்சங்களையும் முன்வைத்தன: சமயம், மொழி, குடிநுழைவு, வரி முதலியவற்றில் தங்களுக்கெனக் காப்புகள். 1963 ஜூலை 9இல் இலண்டனில் மலேசிய ஒப்பந்தம் கையெழுத்தானது. பேச்சில் கலந்துகொண்ட புருணை கடைசியில் ஒப்பமிடவில்லை. ஐக்கிய நாட்டுக் குழுவின் ஆய்வுக்காகச் சற்றே காலம் தாழ்த்தி, செப்டம்பர் 16ஆம் நாள் மலேசியா உதயமாயிற்று. 159 நாடாளுமன்ற இடங்களில் மலாயாவுக்கு 104, சரவாக்குக்கு 24, சபாவுக்கு 16, சிங்கப்பூருக்கு 15.

ஈராண்டு முடியவில்லை. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே அரசியல், இன, வருவாய்ப் பூசல்கள் முற்றின. 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் நாடாளுமன்றத்தில் 126 பேர் ஆதரிக்க, எதிர்ப்போர் எவருமின்றிப் பிரிவினை நிறைவேறியது. சிங்கப்பூர்க் குடிமக்கள் மலேசியக் குடிமக்களாக இருப்பது அன்றோடு நின்றது. ஜொகூர் பாலம் 1924இல் முறையாகத் திறந்து வைக்கப்பட்ட காலந்தொட்டு, அதன்மேல் ஊர் விட்டு ஊர் போவதுபோல் போய்வந்த தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அண்ணன் சிங்கப்பூர்த் துறைமுகத்தில். தம்பி ஜொகூர்த் தோட்டத்தில். இருவருக்கும் இடையே ஒரு கிலோமீட்டர் நீளப் பாலம். அது நாடு விட்டு நாடு செல்லும் வழியாயிற்று.

அதன்பின் புதிய மாநிலம் எதுவும் தோன்றவில்லை. இருந்த மாநிலங்களிலிருந்து துண்டுகள் எடுக்கப்பட்டன. 1974 பிப்ரவரி முதல் நாள் சிலாங்கூர் கோலாலம்பூரைக் கூட்டரசுக்குக் கொடுத்தது. கையொப்பமிட்ட சுல்தான் கண்கலங்கினார் என்பர். கூட்டரசு நெடுஞ்சாலையில் நிற்கும் கோத்தா டாருல் ஏசான் வளைவு அதன் நினைவாக எழுந்ததே. 1984இல் சபாவிடமிருந்து லாபுவான், 2001இல் சிலாங்கூரிடமிருந்து புத்ராஜெயா. இப்பிரதேசங்களுக்குச் சட்டமன்றம் இல்லை. பெட்டாலிங் ஜெயாவில் வாழ்பவர் நாடாளுமன்றத்திற்கும் சட்டமன்றத்திற்குமாக இரு வாக்குகள் உடையவர். சாலையின் அப்புறம் கோலாலம்பூரில் வாழ்பவருக்கு ஒன்றே.

1963இல் அரசமைப்பு மாநிலங்களை மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதியிருந்தது: மலாயா மாநிலங்கள், போர்னியோ மாநிலங்கள், சிங்கப்பூர் மாநிலம். 1976இல் அப்பிரிவுகள் நீக்கப்பட்டு, பதின்மூன்று பெயர்களும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டன. பாடநூலின் பட்டியல் அங்கிருந்து வந்ததே. தீபகற்பத்தில் இதை எவரும் பெரிதாக எண்ணியதில்லை. பட்டியல் என்றால் பட்டியல்தானே! சபா, சரவாக் மக்கள் அவ்வாறு எண்ணவில்லை. தாங்கள் சேர்ந்தது பதினொன்றோடு பன்னிரண்டாவதாகவும் பதின்மூன்றாவதாகவும் அன்று. மலாயா என்னும் ஒரு பங்காளியோடு சமபங்காளிகளாக என்பது அவர்கள் வாதம். நாட்டின் நிலப்பரப்பில் பாதிக்குமேல் அவர்களுடையது; சரவாக் ஒன்றே தீபகற்பம் முழுவதையும் ஏறக்குறைய ஒத்த பரப்புடையது. 2019இல் பழைய வாசகத்தை மீட்கும் திருத்தம் வந்தபோது 148 வாக்குகள் தேவைப்பட்டன, கிடைத்தவை 138. 2021 டிசம்பரில் மீண்டும் வந்தது. 199 பேர் ஆதரித்தனர். 2022இல் அது நடைமுறைக்கு வந்தது. மலாயா மாநிலங்கள் ஒரு பிரிவு. போர்னியோ மாநிலங்கள் மற்றொரு பிரிவு. நாற்பத்தைந்து ஆண்டுகள் ஒரு வரிசைமுறைக்காக வாதிட்டவர்களை நோக்கி நகைக்க எவருக்கும் உரிமையில்லை.

தமிழ்ப்பள்ளிகளின் சுவரில் தொங்கும் தேசப்படங்களில் சபாவும் சரவாக்கும் பெரும்பாலும் ஒரு தனிப் பெட்டிக்குள் அடைக்கப்பட்டிருக்கும். தாளை மிச்சப்படுத்தத் தென்சீனக் கடலைச் சுருக்கிவிடுகின்றனர். அங்குத் தமிழ்ப்பள்ளி ஒன்றும் இல்லை. ஆதலால் தமிழ் மாணவனுக்கு அவை பெட்டிக்குள் இருக்கும் பெயர்களே. இது ஆசிரியர்கள் திருத்திக்கொள்ளத்தக்க குறை. ஒரு பெரிய தாளும் ஒரு பாடவேளையும் போதும்.

மறுநாள் அந்த மாணவன் பாட்டியிடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தான். பாட்டி சிங்கப்பூரில் பிறந்தவர். 1964இல் ஜொகூர்த் தோட்டம் ஒன்றுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். வந்தபோது இரண்டும் ஒரே நாடு. அடுத்த ஆண்டு அவர் தாய்வீடு வேறு நாட்டில் இருந்தது. பின்னர் நெடுநாள் சிவப்புக் கார்டோடு இருந்தார். தம் தாயார் இறந்த செய்தி வந்தபோது கடவுச்சீட்டு கைக்கு வரவில்லை. பாலத்தின் இக்கரையிலேயே தலைமுழுகினார்.

ஆசிரியை கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, படத்தை முடித்துவிட்டானா என்று வினவினார். அவன் தாளை நீட்டினான். கொடியின் மேல்கோடு சிவப்பு. ஒன்றுவிட்டு ஒன்று வெள்ளை. ஆகவே பதினான்காவது கோடு வெள்ளை. அதற்கு வண்ணம் தீட்ட வேண்டியதில்லை. அடியில் பென்சிலால் ஓர் எல்லைக்கோடு இழுத்தால் போதும். அதை அவன் அளவுகோல் வைத்து நேராக இழுத்திருந்தான். அந்த வெள்ளையில், ஓரமாக, மிகச் சிறிய எழுத்தில் பாட்டியின் பெயரையும் எழுதியிருந்தான். கொடியின்மேல் எதுவும் எழுதக்கூடாது என்று சொல்லியாக வேண்டும். ஆசிரியை அழிப்பானை எடுத்தார், சற்று நேரம் கையிலேயே வைத்திருந்தார், பிறகு தாளை மற்றத் தாள்களோடு அடுக்கி வைத்துவிட்டார்.